தொட்டில் கேட்டவள்

அக்கா போன் பண்ணியபோது நான் அப்புத்தளையில் ஒரு மரக்கறிக் கடையின் பின்பக்கம் லீக்ஸ் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமாக "சாப்பிட்டியா" என்றுதான் ஆரம்பிப்பாள். அன்றைக்கு ஆரம்பமே வேறு.

"எழுதுறேன் எழுதுறேன்னு எழுதி, என் குடும்பத்த மண்ணுல பொதைக்கப் பாக்குறியேடா."

மூட்டையைக் கீழே வைத்தேன். "என்னக்கா?"

"என்னக்காவா? அந்த ஆயா பேயி நீ எழுதினதுதானே? லயத்துக்குப் பின்னால மலை வெடிச்சு நிக்குது. புது வீடு கட்டிக் குடுத்துட்டாங்க. ஒருத்தரும் போக மாட்டேங்கிறாங்க. அங்க அவ இருக்காளாம். உன் மருமகளும் நகர மாட்டேங்கிறா. கைப்பிள்ளைய வெச்சிக்கிட்டு தொங்கல் காம்பராவுல உக்காந்திருக்கா. வந்து நீயே சொல்லு, நான் சொல்லி முடியல."

தொங்கல் காம்பரா என்றால் லயத்தின், அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி அறை. எங்கள் லயத்தில் அது அக்காவின் வீடு, மலைச்சரிவுக்கு மிகப் பக்கத்தில் இருப்பது. அக்காவின் மகள் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தவள். புருசன் கொழும்பில் வேலை. பிள்ளை பிறந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை.

கடைக்காரரிடம் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் ஏறினேன். பதுளையில் இறங்கி, பசறை பஸ்ஸுக்குக் காத்து நின்ற நேரத்தில் மழை தூற ஆரம்பித்தது.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அப்பா மலையில் விழுந்து இடுப்பு உடைந்த வருசம் அது. அதற்குப் பிறகு பதுளையில் பேக்கரி, பசறைப் பாதையில் பஸ் கண்டக்டர், கொழும்பில் சாப்பாட்டுக் கடை, திரும்பவும் மலைக்கு வந்து மரக்கறி லொறி என்று எங்கேயும் ரெண்டு வருசம் தங்கியதில்லை. பேக்கரியில் பாண் சுற்றுவதற்கு வரும் பழைய பேப்பர்களைப் படித்துத்தான் வாசிப்பு வந்தது. எழுத்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. யாரோ கேட்டார்கள், எழுதிக் கொடுத்தேன்.

முதலில் காமன் கூத்துக்காரர்களுக்குப் பாட்டு. அதற்குப் பிறகு செத்தவர்களின் முப்பதாம் நாள் நோட்டீசுக்கு நாலு நாலு வரி. மூன்று தோட்டத்துக் கோயில்களுக்குத் தல வரலாறு எழுதியிருக்கிறேன். மூன்றிலும் ஒரே பாம்புதான் புற்றிலிருந்து வந்து கங்காணியின் கனவில் பேசும். இதுவரை யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஒரு வானொலி நாடகம் எழுதினேன், அதில் செத்துப்போன தபால்காரன் கடிதம் கொடுக்க வருவான். பிறகு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் பேய்க்கதைகள். அதை விரும்பிப் படித்தார்கள். பதுளையில் யூடியூப் சேனல் வைத்திருக்கும் ஒரு பொடியன் அந்தக் கதைகளைப் பின்னணியில் காற்றுச் சத்தம் போட்டு வாசிக்க ஆரம்பித்தான். அப்போதுதான் என்னை எழுத்தாளர் என்று நாலு பேர் சொன்னார்கள்.

பேய்களில் எனக்கு ஏன் இவ்வளவு ஆசை என்று கேட்டால் சொல்லத் தெரியாது. தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு சாமி உண்டு. ஃபெக்டரிச் சக்கரத்துக்கு ரோதை முனி. தேயிலைச் செடியை வெட்டிக் கவ்வாத்து பண்ணுவதற்கு முன்னால் கவ்வாத்துசாமிக்குப் பூசை. ஒரு சாமிக்கும் புத்தகம் இல்லை. ஆட்கள் வாயில்தான் இருக்கின்றன. நேராகக் கேட்டால் சொல்ல மாட்டார்கள். வெற்றிலை போடும்போதோ, மழைக்கு ஒதுங்கும்போதோ பாதி சொல்வார்கள். மீதியை நான் போட்டுக்கொள்வேன். அதுதான் என் தொழில்.

ஆயா கதையில் அந்தப் பாதிகூட யாரும் சொன்னதில்லை. முழுக்க நானே போட்டது.

எங்கள் தோட்டத்தில் பன்னிரண்டாம் நம்பர் மலை கைவிடப்பட்ட மலை. அதன் உச்சியில் வெள்ளைக்காரன் காலத்து பங்களா ஒன்று இருந்து இடிந்துபோனது. மிச்சம் நிற்பது கருங்கல் புகைக்கூண்டு மட்டும். அதன் அடியில் கணப்பு இருந்த இடம் ஓர் ஆள் குனிந்து உள்ளே போகிற அளவுக்கு வாய் திறந்திருக்கும். விறகு பொறுக்கப் போன வயதில் அதற்குள்ளே மழைக்கு ஒதுங்கியிருக்கிறேன். கதையில் அங்கே ஓர் ஆயாவை வைத்தேன். துரையின் பிள்ளைக்குத் தொட்டில் ஆட்டியவள். அவளுடைய சொந்தப் பிள்ளை காய்ச்சலில் கிடந்தபோது துரைசாணி விடவில்லை. பிள்ளை போய்விட்டது. துரை குடும்பம் தொட்டிலையும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறியது. அன்றிலிருந்து அவள் புகைக்கூண்டுக்குள் நின்று போகிறவர்களிடம் கேட்கிறாள்: தொட்டிலை எங்கே வச்சிருக்கீங்க?

அதோடு கதை முடிந்துவிட்டது. பேப்பர்க்காரர், பக்கத்தில் இடம் மிச்சமிருக்கிறது, இன்னும் எட்டு வரி வேண்டும் என்றார். பஸ் ஸ்டாண்டில் நின்றபடி ஐந்து நிமிசத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்பினேன். தொட்டில் உள்ள வீட்டை அவள் பால் மணத்தாலேயே கண்டுபிடிப்பாள், உள்ளே வந்து ஆட்டுவாள், அவள் ஆட்டித் தூங்கின பிள்ளை எழுந்திருக்காது. அந்த எட்டு வரிதான் தோட்டம் முழுக்கப் பரவியது.

தோட்டத்தின் பெயரை மாற்றியிருந்தேன். மலை நம்பரையும் புகைக்கூண்டையும் மாற்றவில்லை. விலாசம் இல்லாத பேய்க்கு யாரும் பயப்பட மாட்டார்கள் என்பது என் அனுபவம். நான் எழுதிய நேரத்தில் பன்னிரண்டாம் நம்பரில் குளவியையும் பன்றியையும் தவிர ஒன்றும் இல்லை. அங்கே வீடு கட்டுவார்கள் என்று யார் கண்டது?

லயத்துக்குப் போய்ச் சேர்ந்ததும் முதலில் பின்பக்கம் போய்ப் பார்த்தேன். சரிவில் வெடிப்பு, லயத்துக்குச் சமாந்தரமாக ஓடியது. முழங்கை வரை கையை விட்டேன், அடி தட்டுப்படவில்லை. மேலே உரப்பையை விரித்துக் கல் வைத்திருந்தார்கள், தண்ணீர் இறங்காமல் இருக்க. உரப்பைக்கு அடியில் தண்ணீர் இறங்குகிற சத்தம் கேட்டது.

மச்சான், அக்காவின் புருசன், மாட்டுக் கொட்டிலில் இருந்து கூப்பிட்டார். "வாங்க மாப்ள. பேயிக்குச் சொந்தக்காரரே, வாங்க."

மருமகள் கட்டிலில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முகட்டில் தொட்டில் கட்டும் கயிறு வெறுமையாகத் தொங்கியது.

"ஏன் தொட்டில அவுத்துட்டே?" என்றேன்.

"இங்கயும் வந்துட்டா என்ன பண்றது மாமா?"

"அடியே, அது நான் எழுதினது. பொய்."

"நீங்க எழுதினதுன்னு தெரியும். உங்களுக்கு முன்னாடியே அவ இருந்திருக்கா. நீங்க எங்கயோ கேள்விப்பட்டதத்தான் எழுதியிருக்கீங்க." பிள்ளையின் தலையைக் கையால் மூடிக்கொண்டு சொன்னாள், "புது வீட்டப் பாக்கப் போனேன் மாமா. எட்டு மாசம் அப்ப. கூண்டுக்குள்ள மூச்சு விடுற மாதிரி கேட்டிச்சு. நான் பொய் சொல்லுவேனா?"

அவள் பொய் சொல்லவில்லை. கூண்டின் மேல்வாயில் காற்று பட்டால் அப்படித்தான் கேட்கும். சொன்னேன். அவள் தலையை ஆட்டினாள், சின்னப் பிள்ளை சொல்வதைக் கேட்பதுபோல. அடுப்படியில் இருந்த அக்கா பாத்திரத்தை ஓங்கி வைத்தாள். பிள்ளை திடுக்கிட்டுக் கையை விரித்தது.

மறுநாள் காலை பெரட்டுக்குப் போனேன். வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரும் கூடும் இடம் அது. தோட்டத் தலைவர் என்னோடு படித்தவர், ரெண்டு நிமிசம் தருகிறேன் என்றார். கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் முன்னால், அந்தக் கதை முழுக்க என் கற்பனை, அப்படி ஓர் ஆயா கிடையாது, பங்களாவில் யார் இருந்தார்கள் என்றே எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

ஒருத்தி கேட்டாள், "பொய்யின்னா பேப்பர்ல போடுவானா?"

"பேப்பர்ல பொய் வராதுன்னு உனக்கு யாருடி சொன்னா?" என்றாள் இன்னொருத்தி. சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் தெம்பு வந்தது.

முன்வரிசையில் நின்ற ஒரு பெண் சிரிக்கவில்லை. எங்கள் லயத்து மூன்றாம் காம்பராக்காரி, வாய்க்காரி என்று பெயரெடுத்தவள். "சரிங்க தம்பி, பொய்தான். பொய் எழுதுறவரு எங்க மலை நம்பர ஏன் போட்டீங்க? உங்களுக்குப் பொய், எங்களுக்கு அதுதானே குடியிருக்குற எடம்?"

அவள் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு போனாள். தலைவர் என் தோளைத் தட்டி, "விடு. இன்னொரு கதை எழுதிப் பாரு" என்றார்.

மச்சானோடு புல்லுக்குப் போனபோதுதான் மீதி தெரிந்தது. அவர் புல்லுக்கட்டைத் தலையில் ஏற்றிக்கொண்டே சொன்னார், "எனக்குப் பேயி கீயி ஒன்னும் கெடையாது மாப்ள. எங்க லயத்துல பாதிப் பேருக்குக் கெடையாது."

"பிறகு ஏன் போக மாட்டேங்கிறீங்க?"

"அங்க பைப்புல தண்ணி வரல. மாட்டக் கட்ட எடமில்ல. காணி உறுதிப் பத்திரம் எப்ப தருவீங்கன்னா மேல பாக்குறாங்க. இத அந்த ஒபீஸ் அம்மாகிட்ட சொன்னா, குடுத்தத வாங்கிக்கத் தெரியாத சனம்னு எழுதிக்கிட்டுப் போயிருவாங்க. பேயின்னு சொன்னா அவங்களால எழுதவும் முடியல, இல்லேன்னு சொல்லவும் முடியல. நல்ல பேயா எழுதிக் குடுத்தீங்க. எங்களுக்கு உபயோகமா இருக்கு."

"உங்க மகளுக்கு?"

அவர் புல்லுக்கட்டைச் சரிசெய்துகொண்டு நடந்தார். சரிவு திரும்பும் இடத்தில், "அவளுக்கு நெசமாவே பயம்" என்றார். "அதுதான் வெனையாப் போச்சு."

அந்த ஒபீஸ் அம்மாவை அன்று பிற்பகல் பார்த்தேன். அனர்த்த வேலைகளுக்கென்று வந்த யாழ்ப்பாணத்துப் பெண். சேற்றில் நின்று தலைவர் வீட்டு வாசலில் நட்டிருந்த மழை அளக்கும் போத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தலில் சிவப்புக் கோடு இருந்தது. தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் லயத்தில் ஒருவரும் இருக்கக்கூடாது.

"அந்தக் கதையை எழுதின ஆள் நீங்கள்தானோ?"

"ஆமாங்க."

"நான் அறிக்கையில என்னெண்டு எழுதிறது, பேய் எண்டோ? மேல இருக்கிற ஆக்கள் சிரிப்பினம்." அவர் சிரிக்கவில்லை. கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கறுப்பு இருந்தது. "இன்னும் ரெண்டு மூண்டு நாளில பெருமழை எண்டு சொல்லியிருக்கினம். பள்ளிக்கூட மண்டபத்துக்குப் போகச் சொன்னன், அதுக்கும் மாட்டினமாம்."

போன மழைக்கு மூன்று வாரம் அந்த மண்டபத்தில் இருந்தவர்கள் அவர்கள். லயத்து ஆட்கள் அவ்வளவு பேருக்கும் ஒரே கக்கூஸ். பிள்ளைகள் எல்லோருக்கும் வயிற்றோட்டம். அதைச் சொன்னேன். தண்ணீரையும் மாட்டையும் உறுதியையும் சொன்னேன். குறிப்புப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார்.

"தண்ணிக்கு இண்டைக்கே கதைக்கிறன். மாட்டுக்கும் ஒரு இடம் கேட்டுப் பாக்கிறன். உறுதிக்கு நான் வாக்குத் தர ஏலாது." புத்தகத்தை மூடினார். "பேய் உங்கட பொறுப்பு."

அன்று அக்கா வீட்டு முன்திண்ணையில், இஸ்தோப்பில், உட்கார்ந்து இரண்டாம் பாகம் எழுதினேன். ஆயாவின் பிள்ளை சாகவில்லை, அதை வேறொருத்தி எடுத்து வளர்த்தாள், அந்தப் பிள்ளையின் பேத்தி வந்து விளக்கு வைத்ததும் ஆயா சாந்தியடைந்து போய்விடுகிறாள் என்று. எழுதும்போதே எனக்குப் பிடிக்கவில்லை. யூடியூப் பொடியன் மறுநாளே வாசித்துப் போட்டான். லயத்தில் எல்லோர் போனிலும் கேட்டது.

"சவுக்காரம் போட்டுக் கழுவின மாதிரி இருக்கு" என்றாள் வாய்க்காரி.

மருமகள் முழுக்கக் கேட்டாள். போனை என்னிடம் திருப்பித் தந்து, "இது நீங்க எழுதினது மாமா. மொதல்ல வந்தது நீங்க எழுதினது இல்ல" என்றாள்.

இத்தனை வருசத்தில் என் எழுத்தைப் பற்றி யாரும் சொன்னதில் அதுதான் என்னைத் தைத்தது. அவள் அதைப் பாராட்டாகவும் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. மடியில் பிள்ளையோடு வெடித்த மலைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு சொன்னாள்.

அதற்கு மறுநாள் விடிந்ததிலிருந்து மழை. ஒன்பது மணிக்குப் போத்தலில் பாதி. பின்சுவரில் புதிதாக ஒரு கோடு, தலைமயிர் அளவு. அக்கா அதன் மேல் பென்சிலால் குறுக்கே ஒரு கீறல் போட்டாள். பதினோரு மணிக்குப் பார்த்தால் கீறலின் ரெண்டு பாதியும் நேராக இல்லை. மருமகளை இழுத்துக்கொண்டு போகலாமா என்று மச்சானிடம் கேட்டேன். "இழுத்துக்கிட்டுப் போனா இன்னொரு பக்கமா எறங்கி வந்துருவா. இல்லாட்டி புள்ளயத் தூக்கிக்கிட்டு மழையில எங்கயாச்சும் ஓடுவா" என்றார். அவள் கண்ணைப் பார்த்தபோது அவர் சொன்னது சரிதான் என்று பட்டது.

அக்கா அம்மியைக் கழுவிக்கொண்டிருந்தாள். மிளகாய் அரைத்து முடித்த கை. குழவியைக் கையில் பிடித்தபடி நிறுத்தினாள்.

"அவ என்னதான் கேக்குறா?"

"யாருக்கா?"

"அந்த ஆயாதான். உன் கதையில."

"தொட்டில்."

"நாம குடுத்துட்டா?"

அந்தக் கேள்வி எழுதிய எனக்கே வந்ததில்லை.

"புள்ளைக்குப் பேரு வைக்கிறப்ப என்ன செய்றோம்? மொதல்ல குழவியக் குளிப்பாட்டித் தொட்டில்ல போட்டு ஆட்டிட்டு, பிறகுதானே புள்ளையப் போடுறோம்? அவளுக்கும் அதயே போட்டுருவோம். கல்லுப் புள்ள. காய்ச்சல் வராது. யாரும் எடுத்துக்கிட்டுப் போகவும் முடியாது." மகளைத் திரும்பிப் பார்த்தாள். "என்னடி, சரியா?"

மருமகள் பிள்ளையைக் கட்டிலில் படுக்க வைத்தாள். பிறகு எழுந்து, அவிழ்த்து மடித்து வைத்திருந்த தொட்டில் சேலையை எடுத்தாள். "புதுச் சேலை வேணாம். இதக் குடுங்க. இதுலதான் பால் வாசம் இருக்கு." சேலையை அக்காவிடம் நீட்டினாள். "நானும் வருவேன். பாக்கணும்."

சேதி லயத்தில் எப்படிப் போனது என்று தெரியாது. மழை கொஞ்சம் வெறித்தபோது நாங்கள் வெளியே வந்தால் ஏழெட்டுப் பெண்கள் தலையில் உரப்பை போட்டுக்கொண்டு நின்றார்கள். வாய்க்காரியும் நின்றாள். அக்கா குழவிக்கு மஞ்சள் பூசிக் குளிப்பாட்டி, துண்டில் சுற்றி, பிள்ளையைப் பிடிப்பதுபோலவே தோளில் போட்டிருந்தாள். மச்சான் குடை பிடித்து மகளையும் பேரப்பிள்ளையையும் கூட்டி வந்தார். ஒரு கிண்டலும் பேசவில்லை.

புது வீடுகள் சரிவின் இடுப்பில் வரிசையாக நின்றன. மருமகள் கடைசி வீட்டு வாசலோடு நின்றுவிட்டாள். மிச்சப்பேர் மேலே ஏறினோம். வழுக்கலில் கிடந்த சருகு முழுக்க அட்டை. காற்று கூண்டின் மேல்வாயில் பட்டு உள்ளே இறங்கியது. மருமகள் சொன்ன மூச்சுதான் அது. காற்று என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு தரம் நின்று கேட்டேன்.

கணப்பின் உள்ளே குறுக்கே ஓர் இரும்புக் கம்பி துருப்பிடித்துக் கிடந்தது. நான் குனிந்து உள்ளே போய் இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. சேலையை அதில் கட்டினேன். அக்கா குழவியை என் கையில் தந்தாள். கனம். தொட்டிலில் வைத்ததும் சேலை இழுபட்டுக் கீழே வந்து, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நின்றது.

"பேசு" என்றாள் அக்கா.

"என்ன பேசுறது?"

"எனக்கு என்ன தெரியும்? அவளுக்கு வாய் குடுத்தவன் நீதானே. உனக்குத்தான் அவ சொந்தம்."

வெளியே பெண்கள் கூண்டின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கூத்துக்குப் பாட்டு எழுதினவன், தாலாட்டு ஒன்று வரும் என்று வாயைத் திறந்தேன். ஒரு வரியும் வரவில்லை. வந்தது வேறு.

"ஆயா, இந்தா உன் தொட்டில். இந்தா உன் பிள்ளை." தொட்டிலின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டேன். "கடைசி எட்டு வரியும் நான் போட்டது. எடம் மிச்சமிருக்குன்னாங்க, போட்டேன். பெத்த பிள்ளைய விட்டுட்டு அடுத்தவ பிள்ளைய ஆட்டினவ நீ. நீ போய் ஒரு பிள்ளைய எழுந்திருக்காமப் பண்ணுவியா? பண்ண மாட்டே. உன்மேல பழி போட்டுட்டேன். மன்னிச்சிரு."

நான் யாரிடமும் இப்படி மன்னிப்புக் கேட்டதில்லை. இல்லாத ஒருத்தியிடம் கேட்டேன். கேட்கும்போது அவள் இல்லை என்ற நினைப்பு எனக்கு வரவில்லை.

தொட்டில் கம்பியில் மெதுவாக ஒரு பக்கம் திரும்பி நின்றது. பின்னால் நின்ற ஒருத்தி கோவிந்தா என்றாள். அப்போது வாய்க்காரி குனிந்து உள்ளே வந்து, என்னைத் தோளால் இடித்து விலக்கிவிட்டு, தொட்டிலின் ஓரத்தைப் பிடித்து ரெண்டு தரம் ஆட்டினாள். தன் பிள்ளைகளை ஆட்டிப் பழகின ஆட்டம் அது. "அய்யோ பாவம், இவரு பேரு கெடுத்து வெச்சிருக்காரு" என்றாள் கூண்டுக்குள் பார்த்து. பிறகு என்னிடம், "பெரட்டுல இப்படிப் பேசியிருந்தா அன்னைக்கே மூட்டையக் கட்டியிருப்போம். எங்ககிட்ட வந்து அவ இல்லேங்கிறீங்க. இல்லாதவளுக்கு எதுக்குப் பழி?" என்றாள்.

இறங்கும்போது மழை திரும்பவும் பிடித்தது. தலைவர் கீழே இருந்து கத்தினார். போத்தலில் கோட்டுக்கு ரெண்டு விரல்தான் இருக்கிறதாம்.

அதற்குப் பிறகு ஓட்டம்தான். அரிசி, உடுப்பு, சாமிப் படம், கோழிக்கூடு, டீவி. வாய்க்காரி தன் காம்பராவைக் காலி பண்ணத் தொடங்கியதும் மற்றக் காம்பராக்களும் காலியாயின. ஒபீஸ் அம்மா சொன்ன தண்ணீர் பவுசர் லொறி வந்து சேற்றில் பாதி வழியில் புதைந்து நின்றது. அங்கிருந்து வாளியில் சுமந்தோம். மாட்டுக்கு, கட்டிட வேலைக்காரர்கள் விட்டுப்போன தகரக் கொட்டகை கிடைத்தது. சரிவு முழுக்கச் சிவப்புத் தண்ணீர் ஓடியது. ஒவ்வொரு தரம் லயத்துக்குள் நுழையும்போதும் பின்சுவரைப் பார்த்துக்கொண்டே நுழைந்தேன்.

அந்த லயம் அன்றைக்கு விழவில்லை. இதை எழுதுகிறவரை விழவில்லை. பின்சுவர் வயிறு தள்ளி நிற்கிறது, உள்ளே போக ஒருவரும் துணிவதில்லை. இருந்தாலும் மச்சான் என்னைக் கண்டால், "என்ன மாப்ள, எங்க லயம் நிக்குது, உங்க பேயி எங்க?" என்று கேட்காமல் விடுவதில்லை. உறுதியும் இன்னும் வரவில்லை.

குடி பெயர்ந்த அன்று பிற்பகல் மூன்று மணி இருக்கும். கடைசி வீட்டில், பூசாத சுவரும் புதுச் சீமெந்து வாசமுமாக இருந்த அறையில், மருமகள் முகட்டுக் கம்பியில் வேறொரு சேலையைக் கட்டினாள். கட்டிவிட்டுப் பிள்ளையைப் போடாமல் நின்றாள்.

"மாமா, அவ கேட்டுக்கிட்டாளா?"

அது எல்லாம் பொய் என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தவன் நான்.

"கேட்டுக்கிட்டா" என்றேன்.

பிள்ளையைத் தொட்டிலில் போட்டாள். ஆட்டவில்லை. பிள்ளை தானாகவே தூங்கியது. அவள் தரையில் உட்கார்ந்து தொட்டிலின் அடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டாள். நான் வாசலில் உட்கார்ந்தேன். அக்கா ரெண்டு தரம் வந்து பார்த்துவிட்டுப் போனாள். மச்சான் ஈரத்தோடு வந்து, உடுப்பு மாற்றாமல் சுவரில் சாய்ந்து நின்றார். மழை தகரத்தில் அடித்தது. தூங்குகிற பிள்ளையின் மூச்சு அந்தச் சத்தத்தில் கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதே எங்கள் நாலு பேரும் பயப்படப் போதுமானதாக இருந்தது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. ஒருதரம் மருமகள் எழுப்பிப் பார்க்கக் கையை நீட்டினாள், பிறகு இழுத்துக்கொண்டாள். எழுப்பினால் அது தானாக எழுந்ததாகாது என்று நினைத்திருப்பாள். நானும் அதையேதான் நினைத்தேன்.

தொட்டிலுக்குள் ஒரு கால் உதைத்தது. பிறகு பிள்ளை வாயைத் திறந்து, ஊரைக் கூட்டுகிற மாதிரி அழுதது.

மருமகள் உடனே எடுக்கவில்லை. அழட்டும் என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து வாய்க்காரி, "ஏய், புள்ளைக்குப் பசிக்குதுடி, தூக்குடி" என்று கத்தும்வரை.